பண்ணையில ஒண்டும் நடக்கேல்லையோ? (வாக்கிங் டெட், ரெண்டாவது சீசன்)

ஆனி 6, இரவு 9.50

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "த வாக்கிங் டெட் இப்பதான் தொடங்கினனான். முதல் சீசன் ஆறு பகுதியும் ஒரே இரவில முடிஞ்சுது. ரெண்டாவதில பண்ணைக்குப் போனாப் பிறகு ஒண்டுமே நடக்குதில்லை. எல்லாரும் உதை விட்டிட்டு நேர மூண்டாவதுக்குப் போகச் சொல்லுகினம். போகலாமோ?"

போகாதேங்கோ தம்பி. தயவுசெய்து போகாதேங்கோ. தெரியாதவைக்கு: செத்த ஆக்கள் நடைப்பிணமா எழும்பித் திரிய, தப்பின கொஞ்சப்பேர் இடம்விட்டு இடம் ஓடுற அமெரிக்கத் தொடர் இது.

2010 ஐப்பசி (ஒக்டோபர்) 31 வந்த முதல் பகுதியில இருந்து 2022 கார்த்திகை (நவம்பர்) 20 வந்த கடைசிப் பகுதி வரைக்கும், 11 சீசன், 177 பகுதி, ஒண்டும் விடாமல் பாத்தனான். வந்த அண்டைக்கே இல்லை. எங்களுக்கு அது முதல்ல சிடிக் கடையால, பேந்து பென்ரைவில, பேந்து போனில எண்டு வந்து சேந்தது. சில பகுதியை மூண்டு நாலு தரம் பாத்திருக்கிறன். அதில சரியான குப்பையும் இருக்கு, கண்ணுக்கை அப்பிடியே நிக்கிற பகுதியும் இருக்கு. ரெண்டும் ஒரே சீசனுக்கை பக்கத்தில பக்கத்தில கிடக்கும். ஆனால் சனம் குப்பையெண்டு தள்ளுறதும் நான் குப்பையெண்டு தள்ளுறதும் ஒண்டில்லை.

பண்ணையில ஒண்டும் நடக்கேல்லை எண்டது பிழை. ஒரு பிள்ளையைத் தேடுகினம். ஒவ்வொரு நாளும் விடிய வெளிக்கிட்டுக் காட்டுக்கை போகினம், பின்னேரம் வெறுங்கையோட வருகினம். அதைவிட என்ன நடக்கவேணும்?

ஆனி 6, இரவு 10.15

இனி எழுதுறதில கதை முழுக்க வரும். பாக்காத ஆக்கள் இதோட நிப்பாட்டுங்கோ. கேட்ட தம்பியும் ஏழாவது பகுதி முடிய வந்து வாசிச்சாக் காணும்.

ஆனி 7

ரெண்டாவது சீசன்ர முதல் பகுதியை ஒருக்கா வடிவாப் பாருங்கோ. பெருந்தெரு முழுக்க விட்டிட்டுப் போன கார். எங்கட ஆக்கள் அதுக்கை தண்ணி, உடுப்பு, பெற்றோல் எண்டு தேடிக்கொண்டு நிக்கேக்கை தூரத்தில நடைப்பிணக் கூட்டம் வருது. ஓட நேரமில்லை. எல்லாரும் காருக்குக் கீழ பூந்து படுக்கினம். அதுக்குப் பிறகு கனநேரம் ஒருத்தரும் கதைக்கேல்லை. கால்கள்தான் போகுது. இழுபடுற கால், செருப்பில்லாத கால். கடைசிக் கால் போட்டுது எண்டு நினைச்சு அந்தப் பிள்ளை சோபியா கொஞ்சம் வெள்ளன வெளியில வருகுது. அங்க பின்தங்கி ரெண்டு நிக்குது. பிள்ளை காட்டுக்கை ஓடுது.

பங்கருக்கை இருந்து வளந்த ஆக்களுக்கு அந்த நேரம் என்னெண்டு தெரியும். குண்டு போடுற பொம்மர் போயிட்டுதெண்டு நினைச்சு ஆரும் வெளியில தலையை நீட்டினால் அப்பா காலில பிடிச்சு இழுப்பார். "திரும்பி வருவான், இரு." அது திரும்பித்தான் வரும். அவசரப்பட்டு எழும்புற அந்த ஒரு கணம் எனக்கு இருபது வருசமா உடம்பில இருந்தது. அதை அமெரிக்காவில, ஜோர்ஜியாவில நிண்டு எடுத்த ஆக்கள் சரியாப் பிடிச்சிருக்கினம். அண்டைக்குத்தான் இந்தத் தொடரை விடுறதில்லை எண்டு நினைச்சனான்.

பேந்து அவை ஒரு காரின்ர முன் கண்ணாடியில பெரிசா எழுதி விடுகினம்: சோபியா இங்கயே நில், ஒவ்வொரு நாளும் வருவம். காரில தண்ணியும் சாப்பாடும் வைக்கினம்.

95 ஐப்பசி 30 இரவு, சண்டையால யாழ்ப்பாணத்தை விட்டு நாங்கள் வெளிக்கிட்டது மழைக்கை. 5 இலட்சம் சனம் எண்டு சொல்லுவினம், ஒரு றோட்டு, நாவற்குழியில ஒரு பாலம். எனக்கு 14 வயசு. பெரியப்பா குடும்பம் எங்களுக்குப் பின்னால வந்தவை, இடையில விட்டுப்போச்சு. சாவகச்சேரியில நாங்கள் தங்கின பள்ளிக்கூடத்துச் சுவரில அப்பா அடுப்புக்கரியால எழுதினவர்: "கொடிகாமம் போறம். சந்தைக்குப் பக்கத்தில விசாரிக்கவும்." அந்தச் சுவரில அப்பிடி நூறு எழுத்து. ஆளுக்காள் மற்றவையின்ர எழுத்தை அழிக்காமல் இடம் பாத்து எழுதினவை. பெரியப்பாவை நாலாம் நாள் கண்டுபிடிச்சம். அவர் அந்தச் சுவரைப் பாத்துத்தான் வந்தவர்.

ஆனி 9

ஒரு விசயம் சொல்ல மறந்துபோனன். நான் முதல் தரம் ரெண்டாவது சீசன் பாக்கேக்கை அம்மாவும் பின்னால இருந்தவ. அவவுக்கு இங்கிலீசும் விளங்காது, உந்தப் பிணங்களில விருப்பமும் இல்லை. முருங்கையிலை உருவிக்கொண்டோ, உள்ளி உரிச்சுக்கொண்டோ இருப்பா. கதையின்ர தலைவன் றிக் ஆர், அவன்ர சிநேகிதன் ஷேன் ஆர் எண்டு ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு இரவும் நான் லப்ரொப்பை மூடேக்கை ஒரு கேள்வி வரும்.

"அந்தப் பிள்ளை கிடைச்சுதோ?"

இல்லையம்மா, நாளைக்குப் பாப்பம்.

"ம்."

பண்ணை இழுவை எண்டு சொல்லுறவைக்கு நான் சொல்லுற முதல் பதில் உதுதான். அம்மாவுக்கு அது இழுவையாத் தெரியேல்லை.

ஆனி 9, கொஞ்சம் பிந்தி

கிணறு. கிணத்தைப் பற்றி எழுதாமல் படுக்கேலாது.

மூண்டாவது பகுதியில பண்ணைக் கிணத்துக்கை ஒரு நடைப்பிணம் விழுந்து கிடக்கும். ஊதிப்போய், தண்ணியில ஊறி. சுட்டால் தண்ணி பழுதாப்போகும் எண்டு சுடாமல், கூட்டத்தில ஒருத்தனான கிளென்னை இடுப்பில கயிறு கட்டி இறக்கி, அதின்ர கழுத்தில சுருக்குப் போட்டு, எல்லாருமாச் சேந்து இழுக்கினம். விளிம்புக்கு வரேக்கை அது ரெண்டாக் கிழிஞ்சு கீழ்ப்பாதி திரும்பக் கிணத்துக்கை விழுகுது. எல்லாரும் சிரிக்கிற காட்சி உது. "சீசனிலேயே முட்டாள்தனமான காட்சி" எண்டு கனபேர் எழுதியிருக்கினம்.

எங்களுக்குக் கிணறு எண்டால் என்ன? ஓடுற ஆறு இல்லாத ஊர். வழுக்கையாறும் மாரிக்கு மட்டும்தான். சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில நிக்கிற தண்ணிதான் எங்கட சீவியம். சுன்னாகத்துக் கிணறுகளில கழிவெண்ணெய் மிதந்த காலத்தில சனம் எப்பிடிப் பதறினது எண்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

96 சித்திரை முடிய நாங்கள் திரும்பி வரேக்கை வீட்டில கதவு நிலை இல்லை, ஓடு பாதி இல்லை. அப்பா அதொண்டையும் பாக்கேல்லை. நேர கிணத்தடிக்குத்தான் போனவர். உள்ளுக்கை ஒரு நாய் விழுந்து செத்துக் கிடந்தது. எத்தினை கிழமையோ தெரியாது. மாமா கயிற்றில சுருக்குப் போட்டு இறக்கி, கழுத்தில மாட்டி இழுத்தவர். பாதி தூரம் வந்துது. பிறகு கயிறு இலேசாப் போச்சு. தண்ணியில சத்தம் கேட்டுது. கயிற்றில தோலும் மயிரும் மட்டும் வந்தது. அந்தக் கிணத்துக் காட்சி முட்டாள்தனம் எண்டு சொல்லுறவை ஊறின உடம்பைத் தூக்கிப் பாத்திராதவை. அது அப்பிடித்தான் கிழியும்.

அதுக்குப் பிறகு அப்பா சொன்னார், சுருக்குச் சரிவராது, அடியால தாங்கவேணும் எண்டு. பழைய பனையோலைக் கடகம் ஒண்டில கல்லு வைச்சுத் தாட்டு, நாலு பக்கமும் கயிறு கட்டி, நாய்க்கு அடியில விட்டு, ஆறுதலா நாலு பேர் நாலு பக்கம் நிண்டு தூக்கினது. பிறகு மூண்டு தரம் இறைச்சது. மண்ணெண்ணெய் விக்கிற விலைக்கு மிசினாலை இல்லை, வாளியால. சேறு அள்ளி, ஊத்துக்கண் தெரியிற அளவுக்குச் சுரண்டி, புளீச்சிங் பவுடர் போட்டது. அப்பிடியும் ஒரு மாதம் அந்தத் தண்ணியில கால் முகம் மட்டும்தான். குடிக்க, கோயில் கிணறு.

கிளென்னும் அவனோட நிண்ட ரீ-டாக்கும் கடகம் வைச்சிருந்தால் அந்தக் கிணறு தப்பியிருக்கும்.

ஆனி 10

திருத்தம். கிணறு மூண்டாவது இல்லை, நாலாவது பகுதி. பிள்ளையைத் தேடுற டாரில் வெள்ளைப் பூ கொண்டுவந்து போத்தலுக்கை வைச்சுச் சோபியாவின்ர தாய் கரோலுக்குக் குடுக்கிறதும் அதே பகுதி. நேற்று இரவு திருப்பிப் போட்டுப் பாத்தனான். வளவுக்கை வேற கிணறும் இருக்கெண்டு ஒரு கதை வருது, அதாலதான் அவை பெரிசாப் பதறேல்லை. நான் ஒரே கிணறு எண்டு இவ்வளவு நாளும் நினைச்சு அவைக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு இருந்திட்டன்.

ஆனி 14

கனடாவில இருந்து அக்கா ஒருவர் எழுதியிருக்கிறா: பண்ணை மெதுவாப் போனதுக்குக் காரணம் கலையில்லை, காசு.

சரி அக்கா, அதிலையும் உண்மை இருக்கு. தொடரை உருவாக்கின பிராங்க் டராபொண்ட் ரெண்டாவது சீசன் எடுத்துக்கொண்டு இருக்கேக்கை, 2011 ஆடியில, விலக்கப்பட்டார். கிளென் மஸாரா பொறுப்பெடுத்தார். செலவைக் குறைச்சதாயும் கதை வந்தது. முதல் சீசன் 6 பகுதி, ரெண்டாவது 13. ஒரு இடத்தில நிண்டு எடுத்தால் செலவு குறையும் எண்டது ஆருக்கும் விளங்கும்.

ஆனால் காசில்லாமல் சமைச்ச சாப்பாடு எல்லாம் ருசியில்லாமல் போகோணும் எண்டில்லையே. தேங்காய் இல்லாத நாளில அம்மா வைச்ச பருப்பை நான் இப்பவும் நினைக்கிறனான்.

இன்னொண்டு. தொடருக்கு மூலமான றொபேட் கிர்க்மன்ர சித்திரக்கதையில சோபியா சாகிறதே இல்லை. கடைசிவரை இருக்கிறாள். கரோல்தான் சிறைச்சாலையில செத்துப்போறா. தொடரில அதைத் தலைகீழாக்கிப்போட்டினம். பிள்ளையை எடுத்துத் தாயை விட்டினம். இது காசுக்காக எடுத்த முடிவில்லை. கரோலைப் போல ஒரு ஆள் இந்தத் தொடரில வேற இல்லை, அந்த ஆள் முழுக்க அந்தப் பண்ணையில பிறந்தவ.

ஆனி 15

நேற்று எழுதினதைத் திருப்பி வாசிக்க, நான் பண்ணைக்கு வக்கீல் மாதிரி எழுதிக்கொண்டு போறன் போல கிடக்கு. குறையும் சொல்லவேணும்.

றிக், அவன்ர மனிசி லோறி, ஷேன் மூண்டுபேரின்ர கதை அரைச்ச மாவையே அரைக்குது. ஒரே கதையை வேலியடியில நிண்டு, பேந்து கூடாரத்தடியில நிண்டு, பேந்து றோட்டில நிண்டு கதைக்கினம். எட்டாவது பகுதியில லோறி ஒருத்தருக்கும் சொல்லாமல் தனியக் காரெடுத்துக்கொண்டு போய், வரைபடம் பாத்துக்கொண்டு ஓடி, நடைப்பிணத்தில அடிச்சுக் கார் பிரண்டு போகுது. கதைக்கு ஒரு விபத்துத் தேவைப்பட்டுது, அவவைப் பிடிச்சுக் காருக்கை ஏத்தி விட்டிட்டினம். அதை நான் மன்னிக்கிறதில்லை.

தேடுற பகுதி மெதுவாப் போறதும், கதைச்சுக்கொண்டு நிக்கிற பகுதி மெதுவாப் போறதும் வேற வேற மெதுவு.

ஆனி 21

அண்ணை ஒருவர் கேக்கிறார், பத்து வருசம் போனாப் பிறகும் அவையின்ர பெற்றோல் பழுதாகாதோ எண்டு.

பழுதாகும் அண்ணை. ஒரு வருசம், கூடினால் ரெண்டு வருசம். அதுக்குப் பிறகு பிசின் மாதிரிக் கட்டிபட்டு காபரேட்டரை அடைச்சுப்போடும். டாரில்ர மோட்டச்சைக்கிள் மட்டும் கடைசி வரைக்கும் பாட்டில ஓடும். எங்களைக் கேட்டிருந்தால் சொல்லிக் குடுத்திருப்பம். யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் விடாத பொருளாதாரத் தடைக் காலத்தில மாமா தன்ர மோட்டச்சைக்கிளை மண்ணெண்ணெயில ஓடினவர். ஊசி மருந்து ஏத்துற சிரிஞ்சில நாலு துளி பெற்றோல். அதைக் காபரேட்டருக்கை அடிச்சு, உதைச்சு, எஞ்சின் பிடிச்ச உடன மண்ணெண்ணெய்க்கு மாத்தவேணும். வெள்ளைப் புகை தெரு முழுக்க நிக்கும். ஏ-40 எண்ட பழைய ஒஸ்டின் காருகளும் அப்பிடித்தான் ஓடினது. அணைஞ்சால் நடுறோட்டில திருப்பி சிரிஞ்ச். அந்தச் சிரிஞ்சை மாமா சேட்டுப் பொக்கற்றில பேனை குத்துற இடத்தில வைச்சிருப்பார்.

சைக்கிள் டைனமோவில றேடியோ கேட்டது, ஜாம் போத்தல் விளக்கில சோதனைக்குப் படிச்சது, உதெல்லாம் ஒரு உலகம் முடிஞ்சாப் பிறகு ஆக்கள் செய்யிற வேலைதான். அந்த மாதிரி வேலை காட்டுற பகுதியெண்டால் எனக்கு உயிர்.

அதால ஒன்பதாவது சீசன்ர முதல் பகுதி எனக்குப் பிடிக்கும். வாஷிங்டனில நூதனசாலைக்கை போய் கலப்பை, கூண்டு வண்டில், விதை எடுக்கினம். கண்ணாடித் தளத்துக்குக் கீழ நடைப்பிணம் நிறைஞ்சு நிக்க, வண்டிலைக் கயிறு போட்டு இறக்கினம். ஒரு கலப்பைக்காக உயிரைக் குடுக்கப் போற ஆக்கள்! திரும்பி வரேக்கை வண்டில் சேத்தில புதைஞ்சு, குதிரையை அவிட்டு விடப் போன பெடியன் ஒருத்தன் கடிபட்டு, குதிரையாலையும் உதை வாங்கிச் சாகிறான். வண்டில் புதைஞ்சால் முதல்ல மிருகத்தை அவிட்டு விடோணும் எண்டு அந்தப் பெடியனுக்குத் தெரிஞ்சிருக்கு. பிந்தித்தான் போச்சு.

ஆடி 2

இப்ப உண்மையான குப்பைக்கு வாறன்.

ஆறாவது சீசன், மூண்டாவது பகுதி. 2015 ஐப்பசி 25. கிளென் குப்பைத் தொட்டிக்கு மேல இருந்து கூட்டத்துக்கை விழுகிறான். குடலைப் பிடுங்கித் தின்னுறதைக் காட்டுகினம். நாங்கள் செத்துப்போனான் எண்டு நினைக்கிறம். அடுத்த கிழமை பெயர்ப் பட்டியலில இருந்து அந்த நடிகர் ஸ்டீவன் யென்ர பெயரையும் எடுத்துவிட்டினம். கார்த்திகை 22, ஏழாவது பகுதியில வந்து சொல்லுகினம், அவன் தொட்டிக்குக் கீழ பூந்து தப்பிட்டானாம். தின்னப்பட்டது அவனுக்கு மேல கிடந்த மற்றவன்ர உடம்பாம்.

அதுக்குப் பிறகு அதே சீசன்ர கடைசியில எதிரிக் கூட்டத்துத் தலைவன் நீகன் ஆரையோ மட்டையால அடிக்கிறான். ஆரையெண்டு காட்டாமல் திரை கறுக்குது. சித்திரை 3 தொடக்கம் ஐப்பசி 23 வரை சனத்தைக் காக்க வைச்சினம். ஏழாவது சீசன்ர முதல் பகுதியை அமெரிக்காவில 1 கோடியே 70 இலட்சம் பேர் பாத்தவை. அண்டைக்குக் கிளென்னை உண்மையாவே கொண்டினம். அதுக்குப் பிறகு பாத்த ஆக்களின்ர தொகை விழத் தொடங்கினது, திரும்ப எழும்பவே இல்லை.

என்ர கோபம் அவன் செத்ததில இல்லை. உயிரோட இருக்கிறானோ இல்லையோ எண்டு தெரியாமல் இருக்கிற நிலையை விளையாட்டுச் சாமானாக்கினதில. சோபியாவைத் தேடினதும் அதே நிலைதான். 2011 ஐப்பசி 16 காணாமல் போனவளை, கார்த்திகை 27 வரை ஆறு கிழமை சனம் தேடினது. ஆனால் அங்க தேடினது கரோல், டாரில், றிக். எங்களுக்குத் தெரிஞ்சது அவைக்குத் தெரிஞ்ச அளவுதான். கிளென்ர விசயத்தில தேடினது ஆர்? கமராவை வைச்சிருந்தவைக்கு விடை தெரியும். எங்களுக்கு மட்டும் மறைச்சினம். காத்திருக்கிற ஆக்களை அப்பிடிச் செய்யக் கூடாது.

ஆடி 3

மேல எழுதினதில ஒரு அநியாயம் செய்துபோட்டன். அந்தக் குப்பைத் தொட்டிக்கு அடுத்த கிழமை வந்த பகுதியையும் நான் அந்த நேரம் வெறுத்தனான். மோர்கன் எண்ட ஆள் தன்ர பழையகதை சொல்லுற நீளப் பகுதி. கிளென்னுக்கு என்ன நடந்தது எண்டு நாங்கள் துடிச்சுக்கொண்டு இருக்க, இவர் ஆரோ ஒருத்தரோட ஆடு வளர்க்கிறார்.

ரெண்டு வருசம் போய்த் தனிய அந்த ஒரு பகுதியை மட்டும் போட்டுப் பாத்தனான். தொடரிலேயே முதல் அஞ்சுக்கை வரும். மனைவி பிள்ளையைக் கொண்டவனைப் பழிவாங்கி, அதால ஆறுதல் வராத மனிசன் ஈஸ்ட்மன். காட்டு வீட்டில ஒரு ஆடு. அந்தப் பாலில சீஸ் செய்யப் பழகிறார், சரிவருகுதில்லை, திருப்பிச் செய்யிறார். விசர் பிடிச்ச மோர்கனைக் கம்பிக் கூட்டுக்கை விடுறார். பேந்து சொல்லுறார், அந்தக் கதவு பூட்டியிருக்கேல்லை எண்டு. மோர்கன் கதவைத் திறந்து வெளியில வந்து சண்டை பிடிக்கிறான். அடிவாங்கி, தானே திரும்ப உள்ளுக்கை போய்க் கதவைச் சாத்துறான். பேந்து தடி சுத்தப் பழகிறான். எங்கட சிலம்படி ஐயாமார் பாத்தால் கால் வைக்கிற முறையில பிழை சொல்லுவினம், ஆனால் மனதில பிழை சொல்ல மாட்டினம்.

தொடரை எடுத்தவை பிழையான இடத்தில வைச்சதால ஒரு நல்ல பகுதி கெட்ட பெயர் எடுத்தது.

ஆடி 19

மருமகன் வந்து நிக்கிறான். பதினேழு வயசு. கையில போன், பெருவிரல் எப்பவும் பத்துச் செக்கன் தாண்டுற இடத்தில. "மாமா, உதை ஓட்டிவிடுங்கோ" எண்டான், பெருந்தெருவில எல்லாரும் கீழ படுத்திருக்கிற இடத்தில. நான் விடேல்லை. அவனுக்குச் சொன்னன், செல் (எறிகணை) குத்துற சத்தம் கேட்டு, விழுகிற சத்தம் கேக்கும் வரைக்கும் எண்ணுறது எப்பிடியெண்டு. எட்டாவது சீசன்ர சண்டை அவனுக்குச் சரியான விருப்பம். யன்னல் யன்னலா உடைச்சுச் சுடுகினம், சுடச் சுட முடியுதில்லை. எனக்கு அதில ஒரு வெடியும் வெடியாக் கேக்கேல்லை. ஏனெண்டால் அதில ஒருத்தரும் காது குடுத்துக் கேட்டுக்கொண்டு இருக்கேல்லை.

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பேந்து, "நீங்கள் எண்ணினனீங்களோ?" எண்டான்.

ஆடி 30

நல்லூர்க் கோயில் கொடியேறியாச்சு. வீட்டில மச்சமும் (மீன், இறைச்சி) இல்லை, பிணப்படமும் இல்லை எண்டு அம்மா சொல்லிப்போட்டா. தேர், தீர்த்தம் முடியட்டும்.

ஆவணி 26

திருவிழாவுக்கை பாக்காமல் இருந்ததால யோசிக்க நேரம் கிடைச்சுது. ஆனியில எழுதினதில ஒண்டைத் திருத்தவேணும். மெதுவாப் போற பகுதியெல்லாம் நல்லது எண்டு ஆரும் எடுத்திருந்தால், நான் சொன்னது அதில்லை.

பத்தாவது சீசன்ர கடைசி ஆறு பகுதி கொரோனாக் காலத்தில, ஆள் குறைச்சு எடுத்தது. எல்லாமே மெதுவு. அதில ஒண்டில கூட்டத்து ஆக்கள் கேப்ரியலும் ஆரனும் சாப்பாடு தேடித் தேடி, ஒண்டும் கிடைக்காமல், மழைக்கை ஒரு களஞ்சியத்துக்கை ஒதுங்கினம். காட்டுப் பண்டி சுட்டுத் தின்னினம், விஸ்கி குடிக்கினம், சீட்டாடுகினம், சிரிக்கினம். விடியேக்கை துவக்கோட ஒரு மனிசன். அதுக்குப் பிறகு நான் மூச்சு விட்டதாவே ஞாபகம் இல்லை. ரெண்டு பகுதி தள்ளி, கரோல் வீட்டுக்கை ஒரு எலியைப் பிடிக்கச் சுவரை உடைக்கிறா. சூப் வைக்கிறா. அவ்வளவுதான். அவவிலை எனக்கு இவ்வளவு மரியாதை இருந்தும் அந்தப் பகுதி வெறும் பாத்திரம். முதல் ரெண்டு பேரும் ஒண்டைத் தேடித் திரிஞ்சவை, தோத்தவை, அதால அந்தப் பண்டியிறைச்சிக்கு ஒரு ருசி இருந்தது. எலிக்குப் பின்னால ஒண்டும் இல்லை.

ஆவணி 27

இதை எழுதிறதோ விடுறதோ எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான்.

ரெண்டாவது சீசன்ர ஏழாவது பகுதி. பண்ணைக்காரர் ஹேர்ஷல் நடைப்பிணங்களைச் செத்த ஆக்களா நினைக்கேல்லை, வருத்தக்காரரா நினைச்சுத் தன்ர மனிசியையும் அவவின்ர மகனையும் அயலாக்களையும் களஞ்சியத்துக்கை பூட்டி வைச்சிருக்கிறார். ஷேன் கதவை உடைக்கிறான். ஒவ்வொண்டா வர வரச் சுடுகினம். முடிஞ்சுது எண்டு நினைக்கேக்கை இன்னுமொரு காலடி. கடைசியா வாறது சோபியா. தேடின அத்தினை நாளும் பிள்ளை அதுக்கைதான் இருந்தது. கரோல் ஓடி வர, டாரில் கட்டிப் பிடிக்கிறான். ஒருத்தராலையும் ஏலேல்லை. றிக் போய்ச் சுடுறான்.

அம்மா கையில உள்ளியோட எழும்பினவ. "அதுக்கையே கிடந்ததோ" எண்டா. அடுத்த நாள் பாக்க வரேல்லை. விடிய மட்டும் கேட்டா, "எரிச்சவையோ, தாட்டவையோ?" தாட்டவை எண்டன். மற்றவையை எரிச்சு, பிள்ளையையும் அந்த வீட்டு மனிசியையும் மகனையும் தாட்டவை. கரோல் செத்தவீட்டுக்குப் போகேல்லை எண்டதையும் சொன்னன். அது தன்ர பிள்ளை இல்லை எண்டு சொல்லிப்போட்டு இருந்திட்டா எண்டு. எழுதினவைக்குத் தாயின்ர மனம் தெரியேல்லை எண்டு எனக்கு எரிச்சல். எந்தத் தாய் போகாமல் இருப்பா?

அண்டைக்குப் பின்னேரம் சித்தி வந்தவ. சித்தின்ர மகன், எனக்கு அண்ணன் முறை. 96 ஆவணியில விடிய சைக்கிளில போனவர். வரேல்லை. அம்மா முற்றத்தில இருந்து சித்திக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு இருந்தா. அயலட்டையில நடந்த மாதிரி. பெருந்தெரு, காரில எழுதி வைச்சது, பூ, களஞ்சியம், எல்லாம். இவ்வளவையும் அவ பாத்திருக்கிறா எண்டது எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

சித்தி கேட்டா, "தாய் போகேல்லையோ?"

போகேல்லை.

"அவ செய்தது சரி."

அதுக்கு மேல ஒண்டும் கதைக்கேல்லை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போட்டா. அண்ணனுக்குச் சித்தி இண்டைக்கும் அந்தியேட்டி, செத்த ஆக்களுக்குச் செய்யிற கிரியை, செய்யேல்லை. எத்தினை பேர் சொல்லியும்.

அந்தக் காட்சி பிழையெண்டு நான் அதுக்குப் பிறகு ஒருநாளும் சொன்னதில்லை. நாலாவது சீசனில, பதினாலாவது பகுதியில, அடுப்பில கேத்தில் கூவ, யன்னலுக்கு வெளியில ஒரு சின்னப் பிள்ளை நடைப்பிணத்தோட ஓடி விளையாடுறதைக் கரோல் பாக்கிற இடம் இருக்கு. அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு நடக்கிறதை இங்க எழுத மாட்டன். பண்ணையை விட்டிட்டு மூண்டாவதுக்குத் தாவினவைக்கு அதில கரோல்ர முகம் வெறும் முகம்.

ஆவணி 30

நேற்று கிணறு இறைச்சது. மாரிக்கு முதல் வழக்கமா இறைக்கிறதுதான், தண்ணி நல்லா அடியில நிக்குது. மருமகனை இறக்கினது. மேல நிண்டு பாத்துக்கொண்டு இருந்தவன், தானே இறங்கிறன் எண்டான். சேத்துக்கை இருந்து ஒரு வாளிக் கைபிடி, ரெண்டு பழைய கப்பி, அப்பான்ர காலத்துக் கடகத்தின்ர கல்லு ஒண்டு. கல்லு எண்டதை நான்தான் சொன்னன், அவனுக்கு அது வெறும் கல்லு. கழுவி மதிலில வைச்சிருக்கிறான்.

கேள்வி கேட்ட தம்பி இப்ப நாலாவது பகுதி முடிச்சிட்டாராம், தொடரலாமோ எண்டு கேக்கிறார். தொடருங்கோ. ஆனால் ஏழாவது வரைக்கும் இருக்கிற மூண்டையும் ஒரே இரவில பாக்காதேங்கோ. ஒரு நாளைக்கு ஒண்டு. ஏழாவதை அடுத்த நாள் வேலை இல்லாத ஒரு நாளாப் பாத்து வையுங்கோ. வீட்டில ஆரும் பின்னால வந்து இருந்தால், எழும்பச் சொல்லாதேங்கோ.